கேளாச் செவிகளின் கணக்கு

அடுக்களையில் பித்தளைத் தட்டு தவறி விழுகிறது. அண்டை வீட்டாரும் திடுக்கிட்டுத் திரும்பிப் பார்க்கின்றனர். தூளியில் உறங்கும் ஆறு திங்கள் குழந்தை மட்டும் அசையவில்லை. "எவ்வளவு அமைதியான பிள்ளை!" என்று பாட்டி பூரிக்கிறாள். ஆண்டு ஒன்று ஓடுகிறது, பிள்ளை பேசவில்லை. "அவன் அப்பனும் நாள்பட்டுத்தான் பேசினான்" என்கிறார் தாத்தா. ஆண்டு இரண்டாகிறது, வசம்பைச் சுட்டு உரைத்து நாவிலே தடவுகின்றனர், கோயிலுக்கு நேர்ந்துகொள்கின்றனர். ஆண்டு மூன்றாகிறது, "முற்பிறப்பில் என்ன பாவம் செய்தோமோ!" என்று தாய் கண்ணீர் வடிக்கிறாள். மூன்று ஆண்டுகள்! ஒரு மனித உயிர் மொழியைப் பெறுவதற்கென்றே இயற்கை ஒதுக்கி வைத்த மூன்று ஆண்டுகள், பெருமையிலும் பொறுமையிலும் வேண்டுதலிலும் பறிபோய்விட்டன.

அந்தத் தாயை நாம் குறை கூறமாட்டோம். அவளிடம் யாரும் ஒரு கணக்கைச் சொல்லவில்லை, அதுதான் குறை. அந்தக் கணக்கு இதுதான்: ஆயிரம் குழந்தைகள் பிறந்தால், அவற்றுள் ஒன்றேனும் இரு செவிகளிலும் நிலையான கேட்புக் குறையோடு பிறக்கிறது. இலேசான குறையைச் சொல்லவில்லை. இரண்டில் நன்றாக இருக்கும் செவியிலேயே 40 டெசிபலுக்குக் குறையாத இழப்பு. அதாவது, எதிரே இருப்பவர் இயல்பான குரலில் பேசும் பேச்சும் தெளிவாக வந்து சேராத நிலை. மருந்தால் மாறாதது, நாளானால் தீராதது.

கணக்கு அத்தோடு முடியவில்லை. பிரிட்டன் முழுவதிலும் உள்ள குழந்தைகளைக் கணக்கெடுத்து 2001ஆம் ஆண்டில் ஓர் ஆய்வு வெளியாயிற்று. மூன்று வயதுக் குழந்தைகளில் ஆயிரத்துக்கு ஒருவர் என்றிருந்த இந்தக் குறை, ஒன்பது முதல் பதினாறு வயதுப் பிள்ளைகளிடையே ஆயிரத்துக்கு ஏறத்தாழ இருவர் என இருந்தது. பிறக்கும்போது நன்கு கேட்ட செவி பிறகு கெடுவதும் உண்டு. மூளைச்சவ்வுக் காய்ச்சல் கெடுக்கிறது. சில மருந்துகள் கெடுக்கின்றன. பிறவியிலேயே ஒளிந்திருந்த மரபுக் கூறு, ஆண்டுகள் சென்றபின் தலைகாட்டிக் கெடுக்கிறது. ஒரு செவியில் மட்டும் உள்ள குறையையும், இலேசான குறையையும் சேர்த்தால் எண்ணிக்கை இன்னும் ஏறும். வறுமை மிக்க நாடுகளுக்குச் சென்றால் மேலும் ஏறும். உலகெங்கும் வாழ்வைத் தாக்கும் அளவுக்குச் செவித்திறன் இழந்த பிள்ளைகள் 3 கோடியே 40 இலட்சம் பேர் என்று உலக சுகாதார நிறுவனம் 2021இல் அறிவித்தது.

ஆயிரம் பிள்ளைகள் படிக்கும் பள்ளி நமக்குத் தெரியும். அங்கே இருவர் இருக்கவேண்டும். இருக்கிறார்களா? எந்த வகுப்பில்? கடைசி வரிசையில் "மந்தம்" என்ற பட்டத்தோடு உட்கார்ந்திருக்கிறார்களா, பள்ளி வாயிலையே மிதிக்காமல் வீட்டுத் திண்ணையில் இருக்கிறார்களா? கணக்கு தெரிந்தவனுக்குத்தான் இந்தக் கேள்வி எழும். தெரியாதவனுக்கு அவர்கள் இருப்பதே தெரியாது.

இந்தக் கணக்கு எளிதில் கிடைத்த ஒன்றன்று. இதைப் பெற மனித இனம் நெடுந்தொலைவு நடந்தது. வழியில் இடறியும் விழுந்தது. அந்த வரலாற்றைப் புரட்டிப் பார்ப்போம்.

பண்டைய உலகம் கேளாதவரை எண்ணவில்லை; தீர்ப்பளித்தது. மனுநூலின் ஒன்பதாம் அத்தியாயம், பிறவியிலேயே செவிப்புலன் அற்றவனுக்கும் ஊமைக்கும் தந்தையின் சொத்திலே பங்கில்லை என்று விதித்தது. சோறும் துணியும் போட்டால் போதும் என்றது. அதே நூலின் பதினோராம் அத்தியாயம் காரணமும் கண்டுபிடித்துவிட்டது: முன்வினையின் மிச்சம்தான் இந்தப் பிறவி என்றது. காரணம் இவ்வளவு எளிதில் கிடைத்துவிட்டால் ஆராய்ச்சி எதற்கு? மருத்துவன் எதற்கு? பள்ளிக்கூடம் எதற்கு? பாவத்தின் சம்பளம் என்று முத்திரை குத்தியபின், பறிக்கப்பட்ட பங்கைக் கேட்பதும் பாவமாகிவிட்டது. சொத்துரிமையைத் தடுத்த இந்த விலங்கு 1928ஆம் ஆண்டுச் சட்டத்தால்தான் உடைபட்டது. நூற்றாண்டுகள் எத்தனை உருண்டோடின, அதற்குள்!

இந்த இழிவு இந்த நாட்டுக்கு மட்டுமே உரியது என்று சொல்லி நாம் உண்மையை மறைக்கமாட்டோம். ரோமாபுரியின் சட்டமும் இதே பாட்டைத்தான் பாடிற்று. ஜஸ்டினியன் பேரரசன் காலத்தில், 531ஆம் ஆண்டில் வகுத்த விதி, பிறவியிலேயே கேளாமலும் பேசாமலும் இருப்பவன் உயில் எழுதும் உரிமை அற்றவன் என்றது. ஆனால் அந்தச் சட்டம் ஒரு கதவைத் திறந்து வைத்திருந்தது. இடையிலே செவித்திறன் இழந்து, எழுதத் தெரிந்தவனாக இருந்தால், அவனுக்கு உரிமை உண்டு. ஆக, உரிமையைத் தடுத்தது செவியன்று, கல்வியின்மை! இதை உணர்வதற்கு ஐரோப்பாவுக்கு ஆயிரம் ஆண்டுகள் ஆயின.

உணர்த்தியது, பதினாறாம் நூற்றாண்டு ஸ்பெயின். வெலாஸ்கோ என்னும் பெருங்குடி; செல்வமும் செல்வாக்கும் குவிந்த குடி. அந்தச் செல்வம் வெளியே போய்விடக்கூடாதே என்று உறவுக்குள்ளேயே மணமுடித்துக்கொண்ட குடி. அந்த மாளிகையில் கேளாத பிள்ளைகள் மீண்டும் மீண்டும் பிறந்தனர். பெத்ரோ போன்சே தெ லெயோன் என்னும் துறவி, ஓன்யா மடத்திலே அந்தக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு எழுதவும் படிக்கவும் பேசவும் கற்பித்தார். கற்பிக்கவே முடியாதவர் என்று அறிஞர்கள் சாதித்தவர்களை, ஒரு மனிதர் உட்காரவைத்துக் கற்பித்துக் காட்டிவிட்டார்! 1620இல் ஹுவான் பாப்லோ போனெத், இந்தக் கல்வி முறையை மாட்ரிட் நகரில் நூலாகவே அச்சிட்டார். பிரபுவின் பிள்ளைக்குக் கிடைத்த கல்வி ஏழையின் பிள்ளைக்குக் கிட்டுவதற்கு மேலும் ஒரு நூற்றாண்டு கடந்தது. 1760களில் பாரிஸ் நகரில் லெப்பே பாதிரியார், கேளாத ஏழைப் பிள்ளைகளைத் தம் வீட்டிலேயே கூட்டிவைத்து, அவர்களுடைய கைமொழியாலேயே கற்பித்தார். செவி மூடியிருந்தாலும் அறிவு மூடியிருக்கவில்லை என்பது நடுத்தெருவிலே நிலைநாட்டப்பட்டது.

பிறகுதான் எண்ணும் காலம் வந்தது. 1851இல் அயர்லாந்தில் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடந்தபோது, வில்லியம் வைல்ட் என்னும் செவி மருத்துவர் கேளாதோரைத் தனியே கணக்கெடுக்கச் செய்தார். எழுத்தாளர் ஆஸ்கார் வைல்டின் தந்தை இவர். எத்தனை பேர் என்பதோடு அவர் நிற்கவில்லை. பிறவியிலேயே வந்ததா, இடையிலே நோயால் வந்ததா, பெற்றோர் உறவினரா என்றும் கேட்டார். பாவம் செய்தார்களா என்று கேட்ட உலகத்தில், என்ன நோய் வந்தது என்று கேட்ட மனிதர்! கேள்வி மாறிற்று, அதனால் விடையும் மாறத் தொடங்கிற்று.

அமெரிக்கக் கரையோரத்தில், மாசசூசெட்ஸ் மாநிலத்தை ஒட்டி, மார்த்தாஸ் வினியார்டு என்றொரு தீவு. இங்கிலாந்தின் கென்ட் பகுதியிலிருந்து வந்த குடும்பங்கள் பதினேழாம் நூற்றாண்டில் அங்கே குடியேறின. தீவு அல்லவா! போக்குவரத்துக் குறைவு, பெண் கொடுப்பதும் எடுப்பதும் தமக்குள்ளேயே. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்க நாடு முழுவதிலும் ஏறத்தாழ 5,700 பேருக்கு ஒருவர் பிறவியில் கேளாதவர் எனக் கொண்டால், அந்தத் தீவிலே 155 பேருக்கு ஒருவர்! தீவின் சில்மார்க் என்னும் ஊரிலோ, 25 பேருக்கு ஒருவர்! நோரா எல்லென் குரோஸ் என்னும் ஆய்வாளர் தீவின் முதியவர்களிடம் கேட்டறிந்து 1985இல் வெளியிட்ட நூல், இந்தச் செய்திகளை உலகறியச் செய்தது.

எண்ணிக்கையைவிட வியப்பு வேறொன்று. அந்தத் தீவில் கேட்பவரும் கைமொழி பேசினர். மீன்பிடிக்கச் சென்றவர் படகுக்குப் படகு கைமொழியில் பேசிக்கொண்டனர், கடைத்தெருவில் பேசினர், திருச்சபையில் பேசினர். கேளாதவர் மணந்தனர், நிலம் வாங்கினர், ஊர்ப் பொறுப்புகளும் வகித்தனர். அவர்களைப் பற்றிக் கேட்டபோது முதியவர்களுக்கு முதலில் நினைவுக்கு வந்தது அவர்களுடைய தொழிலும் குணமுந்தான். செவி பிறகுதான் நினைவுக்கு வந்தது. குறை உடலிலே இருந்தது. ஊனம் ஊரிலே இல்லை! மற்ற ஊர்களிலோ, குறை ஒருவனுடைய செவியில். ஊனம் ஊராரின் மனத்தில். இருபதாம் நூற்றாண்டில் வெளியூர் மணங்கள் பெருகின. தீவின் அந்தப் பரம்பரையில் வந்த கேளாதோரில் கடைசியானவர் 1952இல் மறைந்தார்.

தீவின் புதிருக்கு விடை தேடிச் சென்றவர்களுள் ஒருவர் அலெக்சாண்டர் கிரகாம் பெல். தொலைபேசி தந்த அதே பெல்தான். அவருடைய தாயும் செவித்திறன் குறைந்தவர். மனைவியும் குழந்தைப் பருவக் காய்ச்சலால் செவித்திறன் இழந்தவர். ஊர் ஊராக வம்சாவளிப் பட்டியல்களைத் திரட்டினார். கேட்கும் பெற்றோருக்குக் கேளாத பிள்ளை பிறப்பது ஏன்? கேளாத பெற்றோருக்குக் கேட்கும் பிள்ளை பிறப்பது எப்படி? விடை அவருக்குக் கிட்டவில்லை. விடையின் திறவுகோல், மெண்டல் என்னும் துறவி பட்டாணிச் செடிகளை வைத்து 1866இல் எழுதிய கட்டுரையில் இருந்தது. அதை உலகம் 1900 வரை திரும்பிப் பார்க்கவில்லை.

விடை கிட்டாத பெல், அச்சத்தை விடையாக்கிவிட்டார். 1883இல் அமெரிக்க அறிவியல் கழகத்தின் முன் அவர் படித்த அறிக்கை, கேளாதவரும் கேளாதவரும் மணப்பதால் மனித குலத்தில் கேளாத இனம் ஒன்றே உருவாகிவிடும் என்று எச்சரித்தது. அவர் சொன்னது சரியா? பேய் என்னும் ஆசிரியர் ஆயிரக்கணக்கான திருமணங்களை ஆராய்ந்து 1898இல் கணக்கை வெளியிட்டார். கேளாதோரின் திருமணங்களில், கேளாத பிள்ளை பிறந்தவை பத்தில் ஒன்று என்ற அளவுதான்! இன்று நாம் திட்டமாக அறிவோம்: கேளாத பிள்ளைகளில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேற்பட்டோர் நன்கு கேட்கும் பெற்றோருக்கே பிறக்கின்றனர். பெல்லின் அச்சத்தைக் கணக்கு கலைத்துவிட்டது.

ஆனால், கணக்கைக் கேளாத அச்சம் கத்தி ஏந்தும். 1933 சூலையில் நாஜிகள் ஜெர்மனியில் இயற்றிய சட்டம், "பரம்பரை நோயாளிகள்" பிள்ளை பெறாதபடி கட்டாய அறுவை செய்ய ஆணையிட்டது. பரம்பரைச் செவிட்டுத்தன்மையும் அந்தப் பட்டியலில் இருந்தது. ஆயிரக்கணக்கான கேளாத ஆண்களும் பெண்களும் அந்தக் கத்திக்கு இரையாயினர். ஆகவே, கேளாச் செவிகளை எண்ணும்போது, எதற்காக எண்ணுகிறோம் என்பதை ஒருபோதும் மறத்தல் ஆகாது. ஒழிப்பதற்காக எண்ணுவோர் கொடியர். உதவுவதற்காக எண்ணுவதே அறிவியக்கம்.

உதவுவதற்காக எண்ணியதன் வெற்றியை ஆஸ்திரேலியாவில் காணலாம். 1941இல் சிட்னி நகரக் கண் மருத்துவர் நார்மன் கிரெக், பிறவியிலேயே கண்புரையோடு வரும் குழந்தைகள் திடீரெனப் பெருகியிருப்பதைக் கவனித்தார். தாய்மார்களின் பேச்சைக் காது கொடுத்துக் கேட்டார். கருவுற்ற தொடக்கத்தில் ஜெர்மன் தட்டம்மை, அதாவது ரூபெல்லா, கண்டதாகத் தாய்மார்கள் கூறினர். 78 குழந்தைகளைப் பற்றி அவர் எழுதினார். அவர்களுள் 68 பேரின் தாய்மாருக்கு அந்த அம்மை வந்திருந்தது. அந்தக் குழந்தைகளுள் பலருக்குச் செவியும் கேளாது என்பது அடுத்த ஈராண்டுகளில் தெளிவாயிற்று. மூன்று நாள் முகத்தில் தெரிந்து மறையும் அம்மை! தாய்க்கு ஒன்றும் செய்யாத அம்மை! கருவிலே இருந்த சிசுவின் செவிநரம்பின் வேரையே அரித்துவிட்டது.

இதை நம்பாதவர் இருந்தனர். அவர்களுக்கு விடையளித்தது, அரசாங்க அலுவலகத்திலே தூசு படிந்து கிடந்த பழைய கணக்கு! லங்காஸ்டர் என்னும் புள்ளியியல் அறிஞர், ஆஸ்திரேலியாவின் மக்கள்தொகை ஏடுகளைப் புரட்டினார். 1911 கணக்கெடுப்பில், கேளாதோர் 10 முதல் 14 வயதுக்குள் அளவுக்கு மீறி இருந்தனர். 1921 கணக்கெடுப்பில், அதே மேடு 20 முதல் 24 வயதுக்கு நகர்ந்திருந்தது. ஒரே கூட்டம்! பத்தாண்டு வளர்ந்து அங்கே நின்றது! பள்ளிகளின் பதிவேடுகளில் பிறந்த நாட்களைத் தேடினார். 1899ஐச் சுற்றிக் குவிந்திருந்தன. அதையொட்டிய காலத்தில் ரூபெல்லா நாடெங்கும் பரவியிருந்தது! 1951இல் அவர் இதை வெளியிட்டார். ஒரே ஆண்டிலே பிறந்த இத்தனை பேரும் முற்பிறப்பில் ஒரே பாவத்தைச் சேர்ந்து செய்தார்களா? அந்தப் பாவம் அம்மை பரவிய ஆண்டாகப் பார்த்துத்தானா பலித்தது? இந்தக் கேள்விக்கு முன்வினைக்காரர்களிடம் விடை இல்லை. ஏட்டுக்கு இருந்தது.

விடை தெரிந்தபின் வழியும் பிறந்தது. 1964-65இல் அமெரிக்காவில் ரூபெல்லா பரவியபோது, இருபதினாயிரம் குழந்தைகள் அந்நோயின் வடுவோடு பிறந்தனர்; அவர்களுள் பதினோராயிரத்துக்கும் மேற்பட்டோருக்குச் செவி கேளாது. 1969இல் தடுப்பூசி வந்தது. 2015இல் அமெரிக்கக் கண்டங்கள் இரண்டும், தம் மண்ணில் ரூபெல்லா பரவுவதை ஒழித்துவிட்டதாக அறிவிக்கப்பட்டன. 2017 பிப்ரவரியில், இந்தியாவில் தட்டம்மை–ரூபெல்லா தடுப்பூசி இயக்கம் முதலில் தொடங்கிய இடங்களுள் தமிழ்நாடும் ஒன்று. அப்போது நடந்ததை நாம் மறந்துவிடவில்லை. கைப்பேசி வழியே வதந்தி பறந்தது. பிள்ளைகளுக்குக் கேடு என்றனர். பெற்றோர் சிலர் பள்ளிக்கே அனுப்பாமல் நிறுத்திக்கொண்டனர். இயக்கத்தின் நாட்களை நீட்டவேண்டியதாயிற்று. ஊசிக்கு அஞ்சினர், நோய்க்கு அஞ்சவில்லை! பழைய வசம்பு, புதிய கண்ணாடித் திரையிலே வந்து நின்றது, அவ்வளவே வேறுபாடு.

மார்த்தாஸ் வினியார்டு தீவின் புதிர் நம் வீட்டு வாயிலுக்கும் வருகிறது. தாயிடம் ஒன்று, தந்தையிடம் ஒன்று என, ஒவ்வொரு மரபுக்கூறும் இணையாக வருகிறது. ஒன்று பழுதாகி மற்றொன்று நன்றாக இருந்தால், செவி நன்கு கேட்கும். பழுது வெளியே தெரியாது. அத்தகைய பழுதை மறைவாகத் தாங்கிய இருவர் மணந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு, இரு பழுதும் ஒன்றுசேர்ந்துவிடும். 1997இல் கண்டறியப்பட்ட கனெக்சின் 26 என்னும் மரபுக்கூறு இவற்றுள் பெயர்பெற்றது. வேற்றுக் குடும்பத்தார் இருவரிடம் ஒரே பழுது இருப்பது அரிது. ஒரே பாட்டனின் பேரப்பிள்ளைகளிடம் இருப்பது எளிது. மாமன் மகள், அத்தை மகன், அக்காள் மகள் என்று உரிமை பேசி முடிக்கும் மணங்கள் நம் நாட்டில் எத்தனை! 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டுத் திருமணங்களில் நான்கில் ஒன்றுக்குக் குறையாமல் உறவுத் திருமணங்கள். வெலாஸ்கோ மாளிகையில் நிலம் பிரியக்கூடாது என்றார்கள். நம் ஊரில் சொத்தும் சொந்தமும் விட்டுப்போகக்கூடாது என்கிறார்கள்.

உறவில் மணந்த எல்லோருக்கும் கேளாத பிள்ளை பிறக்கும் என்று நாம் பயமுறுத்தவில்லை. பெரும்பாலோருக்குப் பிறப்பதில்லை. உறவல்லாதவர் மணந்து பிறந்த பிள்ளைக்கும் இந்தக் குறை வரலாம். குறைமாதப் பிறப்பு, கடுமையான மஞ்சள் காமாலை, கருவிலே தொற்றும் கிருமிகள் எனக் காரணங்கள் பல. உறவு மணம், வாய்ப்பை ஏற்றுகிறது, அவ்வளவே. ஆனால், ஏறும் வாய்ப்பை அறிந்து முடிவெடுப்பது பகுத்தறிவு. அறியாமல் முடிவெடுத்துவிட்டுப் பிறகு மருமகளின் ராசியைப் பழிப்பது கொடுமை. ஒரு பழுது தாயிடம் இருந்து வந்ததென்றால், மற்றொன்று தந்தையிடம் இருந்து வந்ததன்றோ? பழி மட்டும் ஏன் பெண்ணின் தலையில்?

இனி, அந்தப் பித்தளைத் தட்டுக்கு வருவோம். 1978இல் டேவிட் கெம்ப் என்னும் இயற்பியலாளர் லண்டனில் ஒரு வியப்பைக் கண்டறிந்தார். நலமான செவி ஒலியைக் கேட்பதோடு நில்லாமல், தானும் மெல்லிய ஒலியை எழுப்பித் திருப்பி அனுப்புகிறது! சின்னஞ்சிறு ஒலிவாங்கியைக் குழந்தையின் செவியில் வைத்தால், அந்த எதிரொலி கிடைக்கிறதா இல்லையா என்பது சில நிமிடங்களில் தெரிந்துவிடும். குழந்தை பேசவேண்டாம்; திரும்பிப் பார்க்கவேண்டாம்; உறங்கிக்கொண்டே இருக்கலாம். பாட்டியின் பூரிப்பும் தாத்தாவின் பொறுமையும் பறித்த மூன்று ஆண்டுகளை, இந்தச் சில நிமிடங்கள் மீட்டுத் தரும்.

மீட்டுத் தருவது உண்மையா? அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் நடந்த ஆய்வு 1998இல் விடையளித்தது. ஆறு மாதத்துக்குள் குறையைக் கண்டுபிடித்து உதவி தொடங்கப்பெற்ற குழந்தைகள், பிறகு கண்டறியப்பட்ட குழந்தைகளைவிட மொழியில் தெளிவாக முன்னேறியிருந்தனர். அதனால்தான் மருத்துவ உலகம் 1, 3, 6 என்று ஒரு வாய்பாடு வகுத்தது: ஒரு மாதத்துக்குள் சோதனை; மூன்று மாதத்துக்குள் உறுதி; ஆறு மாதத்துக்குள் உதவி. உதவி என்றால் செவிக்கருவியாகவும் இருக்கலாம்; காக்ளியர் கருவி பொருத்தும் அறுவையாகவும் இருக்கலாம்; கைமொழியாகவும் இருக்கலாம். எந்த வழியாயினும், மூளை மொழிக்குப் பசித்திருக்கும் காலத்திலே மொழி வந்து சேரவேண்டும். பசித்த வேளை கடந்தபின் இலைபோட்டு என்ன பயன்?

தோழர்களே! நாம் சொல்லி வந்தது செவியின் வரலாறு. அதற்குள்ளே இருப்பது கேள்வியின் வரலாறு. "யார் பாவம்?" என்று கேட்டவரை, கேளாதவனுக்குச் சோறும் துணியுமே கிடைத்தது. "எத்தனை பேர்? எந்த ஆண்டு? என்ன நோய்?" என்று கேட்கத் தொடங்கியபின், பள்ளி கிடைத்தது; தடுப்பூசி கிடைத்தது; செவியை உறக்கத்திலேயே சோதிக்கும் கருவி கிடைத்தது.

உங்கள் தெருவில் ஒரு குழந்தை பிறந்தால், பெயர் என்ன, நாள் என்ன, நட்சத்திரம் என்ன என்று கேட்பார் பலர் வருவர். நீங்கள் சென்று, "செவியைச் சோதித்தீர்களா?" என்று கேளுங்கள். ஆயிரம் வீட்டில் கேட்டால், ஒரு வீட்டிலேனும் அந்தக் கேள்வி ஒரு பிள்ளைக்கு மொழியைத் தரும். "ஆயிரத்தில் ஒன்றுதானே" என்று அலட்சியம் பேசுவோர் உண்டு. அந்த ஒன்று தங்கள் வீட்டுத் தூளியில் உறங்கினால் அவர்கள் அப்படிப் பேசுவார்களா?